ஏவலும் கீழ்ப்படிதலும்: கரிசல் வேட்டைநாய்களின் பணித்திறனும் பயிற்சிப் பட்டங்களின் அளவுகோலும்

ஆய்வுச்சுருக்கம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் மானாவாரிப் பகுதியில் வளர்க்கப்பட்டுவரும் கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நாய்கள் பார்வையால் இரையைக் கண்டு விரட்டும் வேட்டைநாய்கள். நாயின் பயிற்சியை அளந்து பட்டம் வழங்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவியது. அம்முறையின் மதிப்பெண் பகுப்பை ஆராய்ந்து, அது எவ்வகைத் திறனை அளக்கிறது, எவ்வகைத் திறனை அளவுக்கு அப்பால் விடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கரிசல் நாய்களுக்கு அண்மைக் காலத்தில் கிடைத்துள்ள ஏற்பு பெரும்பாலும் உடலமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. அவற்றின் பணித்திறனும் அத்திறனை வளர்த்த பழக்குமுறையும் பதிவின்றி மறைந்துவருகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கரிசல், கன்னி நாய், சிப்பிப்பாறை நாய், பார்வை வேட்டைநாய், கீழ்ப்படிதல் போட்டி, பழக்குமுறை, ஏவல்.

முன்னுரை

நாய்களின் வரலாறு தமிழில் எழுதப்படும்போது அது பெரும்பாலும் இனங்களின் வரலாறாகவே அமைகிறது. எந்த இனம் எந்த ஊரில் தோன்றியது, எந்த அரசர் அதனை வளர்த்தார், அதன் நிறமும் உயரமும் யாவை என்னும் வினாக்களே முதன்மை பெறுகின்றன. நாய் என்ன பணி செய்தது, அப்பணிக்கு அது எவ்வாறு பழக்கப்பட்டது, அதனைப் பழக்கியவர் எவர் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. வளர்ப்பு விலங்கு ஒன்றின் வரலாறு மனித உழைப்பின் வரலாற்றோடு பிணைந்தது என்பதை ஏற்றால், இரண்டாம் வகை வினாக்களே வரலாற்றாய்வுக்கு மிகுதியும் உரியவை.

நாட்டின நாய்களுக்குப் பயிற்சி ஏறாது என்னும் கருத்து நாய் வளர்ப்போரிடையே பரவலாக வழங்குகிறது. இக்கருத்து எந்த அளவுகோலை அடிப்படையாகக் கொண்டது? அந்த அளவுகோல் எங்கு, எப்போது, எதற்காக உருவாக்கப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது. கரிசல் நிலத்தின் இயல்பு, தமிழ் மரபில் நாயின் பணி குறித்த சான்றுகள், கீழ்ப்படிதல் பட்டங்களின் தோற்றம், வேட்டைத் தடைச் சட்டத்தின் விளைவு ஆகியன முறையே நோக்கப்படுகின்றன.

1. கரிசலும் பார்வை வேட்டைநாயும்

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் பரப்பு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியன இங்கு விளைகின்றன. கரிசல் மண் களித்தன்மை மிகுந்தது. மழையில் காலோடு ஒட்டும், கோடையில் ஆழமாக வெடிக்கும். அறுவடை முடிந்த பின்னர் மறைப்பு இல்லாத நீண்ட வெளி கண்ணுக்குப் புலப்படும். உடை மரங்களும் சிறு புதர்களுமே இடையிடையே நிற்கும்.

இத்தகைய வெளியில் மோப்பத்தைவிடக் கண்ணும் காலும் வேட்டைக்கு உதவும். உலகின் பார்வை வேட்டைநாய்கள் பலவும் இத்தகைய திறந்த வறண்ட நிலங்களோடு தொடர்புடையவை. அரபு நாடுகளின் சலூகி, ஆப்கானிய நாய், வடகருநாடகத்தின் முதோள் நாய் ஆகியன தக்க எடுத்துக்காட்டுகள். நீண்டு குறுகிய தலை, ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள் என்னும் உடலமைப்பு இவை அனைத்துக்கும் பொது. கரிசலின் கன்னியும் சிப்பிப்பாறையும் இவ்வகையினவே. சிப்பிப்பாறை என்பது கோவில்பட்டியை அடுத்து விருதுநகர் மாவட்டத்தில் அமைந்த ஓர் ஊரின் பெயர். கன்னி என்னும் பெயர் கருநிற உடலில் செம்பழுப்பு அடையாளங்கள் கொண்ட நாய்க்கு வழங்குகிறது. வெளிர் நிறமுடையது பால்கன்னி எனப்படும். இவ்விரண்டும் தனித்தனி இனங்களா, நிறத்தால் மட்டும் வேறுபட்ட ஓரினமா என்பதில் வளர்ப்போரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இந்நாய்களின் முதன்மை இரை கரும்பிடரி முயல். முயல் புழுதியில் அசையாமல் படுத்திருந்து, ஆள் நெருங்கியதும் திடீரென எழுந்து ஓடும். ஓட்டத்தினிடையே சட்டென்று திசை மாற்றும். விரட்டும் நாய் அந்தத் திருப்பத்தைக் கணித்து, தன் வேகத்தையும் வளைவையும் தானே முடிவுசெய்ய வேண்டும். வெடிப்பையும் வரப்பையும் கவனிக்க வேண்டும். இணையாக விடப்பட்ட நாய் முயலைத் திருப்பினால் எந்தப் பக்கம் குறுக்கிடுவது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். இவை நொடிப்பொழுதில் நிகழ்பவை. ஏவியவரின் குரல் எட்டுவதற்குள் நிலைமை மாறியிருக்கும். ஆகவே இங்கு நாயின் திறன் என்பது மூன்று கூறுகளைக் கொண்டது எனலாம்: விடப்படும்வரை அடங்கியிருத்தல், விடப்பட்டபின் தன் முடிவில் செயற்படுதல், முடிந்தபின் இரையைத் தின்றுவிடாமல் ஏவியவரிடம் சேர்த்தல். முதலும் மூன்றும் கட்டுப்பாடு, இடையிலுள்ளது விடுதலை.

2. தமிழ்ச் சான்றுகளில் நாயின் பணி

தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரிமையாக்குகிறது. விரட்டுவதும் விரட்டப்படுவதும் ஒரே நூற்பாவில் இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. சங்க இலக்கியம் நாயை ஞமலி, ஞாளி ஆகிய பெயர்களாலும் சுட்டுகிறது. கானவரோடு வேட்டைக்குச் செல்லும் நாயும் மனை காக்கும் நாயும் அதில் காணப்படுகின்றன. பெரியபுராணத்தின் கண்ணப்பர் வரலாற்றில் திண்ணனாரின் முதல் வேட்டையில் நாய்களும் உடன் செல்கின்றன. இவ்விலக்கியச் சான்றுகள் நாயைப் பணியின்வழி அறிமுகப்படுத்துகின்றன, இனத்தின்வழி அன்று.

கல்வெட்டுச் சான்று இன்னும் தெளிவானது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் எழுத்து தெரிவிக்கிறது. நாயின் பெயர், நாயின் செயல் ஆகிய இரண்டுமே பதிவு பெற்றன. அதன் குலமோ நிறமோ அங்குப் பொருட்படுத்தப்படவில்லை. ஒரு நாய் எதனால் நினைக்கத்தக்கது என்னும் வினாவுக்கு 7ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமூகம் அளித்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

கரிசலுக்கு அணுக்கமான சான்று பாஞ்சாலங்குறிச்சியின் தோற்றக் கதை. வேட்டைக்குச் சென்றபோது முயல் ஒன்று திரும்பி நின்று நாய்களையே விரட்டியது என்றும், அம்மண்ணின் வீரத்தைக் கண்டு அங்கே கோட்டை எழுப்பப்பட்டது என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது. இதே கதைக்கூறு விசயநகரத்தின் தோற்றக் கதையிலும் உண்டு. ஆகவே இதனை நிகழ்ச்சியின் பதிவாகக் கொள்ள இயலாது. எனினும், முயலை நாய் விரட்டுவதே இயல்பு என்பதைக் கேட்போர் நன்கறிந்திருந்தால் மட்டுமே அதன் தலைகீழ் நிகழ்வு வியப்பைத் தரும். பாளையக்காரர் பண்பாட்டில் நாய்வேட்டை எத்துணை அறிமுகமானது என்பதற்கு இக்கதை சான்று. இன்றைய இனம் ஒன்றின் அரச மரபுக்கு இது சான்றாகாது. சிப்பிப்பாறை நாய் அரச குடும்பங்களின் நாய் என்னும் கூற்றும் சமகாலச் சான்றோடு வைத்தே எடைபோடப்பட வேண்டும்.

மொழிச் சான்றும் உண்டு. நாயை இரையின்மேல் ஏவும் ஒலிக்குறிப்பு ‘சூ’ என்பதாகும். அவ்வாறு ஏவுதல் சூக்காட்டுதல் எனப்படும். அழைக்கும் ஒலி ‘தோ’ என்பது. ஏவல் என்னும் சொல் செலுத்துதலைக் குறிக்கிறது. ஏவப்பட்டது அம்பாயினும் நாயாயினும் ஏவியவரை விட்டு அகன்று சென்று செயல் முடிப்பதே அச்சொல்லின் பொருட்களம். கீழ்ப்படிதல் என்பதோ மற்றொருவரின் கட்டளைக்கு அடங்கி நிற்பதைக் குறிக்கிறது. இழுத்துக்கொண்டுபோய் விட்ட நாய் முயல் பிடிக்காது என்னும் கருத்தமைந்த பழமொழி பல வடிவங்களில் தமிழில் வழங்குகிறது. நாயின் விருப்பமே வேட்டையின் அடிப்படை என்னும் பயிற்சிக் கோட்பாடு அதில் அடங்கியுள்ளது.

3. கீழ்ப்படிதல் பட்டத்தின் தோற்றம்

நாய்க் கண்காட்சி என்னும் நிறுவனம் இங்கிலாந்தில் 1859இல் நியூகாசில் நகரில் தொடங்கியது. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோற்றுவிக்கப்பட்டது. இனப் பதிவேடு, இனத் தரநிலை, நடுவர் ஆகிய மூன்றும் இதன்வழி நிலைபெற்றன. 1911இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், பிரான்சு, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் இணைந்து பன்னாட்டு நாயியல் கூட்டமைப்பை நிறுவின. கண்காட்சி வளையத்தில் நாயின் தோற்றமும் நடையும் மதிப்பிடப்பட்டன, பணி மதிப்பிடப்படவில்லை.

பணிப்பயிற்சியின் முறைமையாக்கம் காவல்துறை வழியாக வந்தது. ஜெர்மானியக் காவல் அலுவலர் கோன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட பயிற்சி நூல் இத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று. முதல் உலகப்போரில் செய்தி கொண்டுசெல்லவும் காயமுற்றோரைத் தேடவும் நாய்கள் பயன்பட்டன. 1924இல் இங்கிலாந்தில் மேய்ப்பு, காவல், படை நாய்களுக்கான சங்கம் ஒன்று தோன்றிப் பணித்தேர்வுகளை நடத்தியது.

இப்பின்னணியில்தான் 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் பெண்மணி கீழ்ப்படிதல் தேர்வு ஒன்றை நடத்தினார். அவர் வளர்த்தவை பூடில் நாய்கள். அவை அழகுக்கு மட்டுமே உரியவை, வேலைக்கு ஆகாதவை என்னும் இகழ்ச்சியை மறுப்பதே அவருடைய நோக்கம். அத்தேர்வில் எட்டு நாய்கள் பங்கேற்றன. 1936இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இதற்கான விதிகளை ஏற்றது. அடுத்த ஆண்டு வாக்கரும் அவருடைய பயிற்சியாளர் பிளான்ச் சாண்டர்சும் தம் நாய்களுடன் அமெரிக்காவின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்து இம்முறையைப் பரப்பினர்.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. கீழ்ப்படிதல் பட்டம் கண்காட்சி அழகுக்கு மாற்றாகவே பிறந்தது. நாயின் மதிப்பு தோற்றத்தில் மட்டும் இல்லை, செயலிலும் இருக்கிறது என்பதை மெய்ப்பிக்கும் கருவியாகவே அது வடிவமைக்கப்பட்டது. எனவே பட்டமுறையை முற்றிலும் அயலானது என ஒதுக்குவது பொருந்தாது. அது எந்தச் செயலைத் தேர்ந்தெடுத்து அளந்தது என்பதே ஆராயத்தக்கது.

4. 200 மதிப்பெண்களின் பகுப்பு

அமெரிக்க முறையில் துணைநாய், உயர்நிலைத் துணைநாய், பயன்பாட்டு நாய் என்னும் படிநிலைப் பட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு தேர்விலும் மொத்த மதிப்பெண் 200. தேர்ச்சிக்கு 170 மதிப்பெண்ணும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேலும் பெறவேண்டும். இவ்வாறு மூன்று முறை தேறிய நாய்க்குப் பட்டம் வழங்கப்படும். பட்டம் நாயின் பதிவுப் பெயரோடு பின்னொட்டாகச் சேரும்.

தொடக்கநிலைத் தேர்வில் நெடுங்காலம் வழக்கிலிருந்த பகுப்பு வருமாறு: வாருடன் இடப்பக்கம் ஒட்டி நடத்தல் 40, நடுவர் தொட்டுப் பார்க்கும்வரை அசையாது நிற்றல் 30, வார் இன்றி ஒட்டி நடத்தல் 40, அழைத்ததும் வருதல் 30, ஒரு நிமிடம் அமர்ந்திருத்தல் 30, மூன்று நிமிடம் படுத்திருத்தல் 30. இவற்றைத் தொகுத்து நோக்கினால், ஒட்டி நடப்பதற்கு 80, அசையாதிருப்பதற்கு 90, வருவதற்கு 30 என அமைகிறது. 200இல் 170 மதிப்பெண்கள் கையாள்பவரின் அருகில் இருப்பதற்கோ இட்ட இடத்தில் அசையாதிருப்பதற்கோ உரியவை. எஞ்சிய 30 மதிப்பெண்ணும் கையாள்பவரை நோக்கி வருவதற்கே உரியவை. கையாள்பவரை விட்டு அகன்று சென்று நாய் தானே முடிவெடுத்துச் செய்யும் செயலுக்கு இந்நிலையில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

உயர்நிலைகளில் நிலைமை ஓரளவு மாறுகிறது. பொருளை எடுத்து வருதல், தடை தாண்டுதல், கையாள்பவரின் மணம் படிந்த பொருளைப் பிற பொருள்களிலிருந்து தேர்ந்தெடுத்தல் ஆகியன அங்கு இடம்பெறுகின்றன. மணம் பிரித்தறியும் தேர்வில் நாயின் மூக்கே முடிவு செய்கிறது. கையாள்பவர் உதவ இயலாது. எனினும் அப்படிநிலையை அடைவதற்கு முதற்படியைத் தாண்ட வேண்டும்.

மேய்ப்புநாய் ஒவ்வொரு கணமும் மேய்ப்பரின் சைகையை நோக்கிச் செயற்படும் வகையில் தெரிவுசெய்து வளர்க்கப்பட்டது. சுட்ட பறவையை எடுத்து வரும் நாயும் அவ்வாறே. இவற்றின் மரபுத் தொழிலும் தேர்வின் கேள்வியும் பெரிதும் ஒத்துப்போகின்றன. பார்வை வேட்டைநாயின் மரபுத் தொழிலில் மேற்சொன்ன மூன்று கூறுகளுள் நடுக்கூறே உயிர்நாடி. அதுவே தேர்வில் இல்லாதது. முதற்கூறான அடக்கத்தையும் மூன்றாம் கூறான மீள்வரவையும் தேர்வு அளக்கிறது எனக் கொண்டாலும், இரை எழும் வெளியில் காட்டும் அடக்கமும் வெற்று வளையத்தில் காட்டும் அடக்கமும் ஒன்றல்ல.

பயிற்சியின் உளவியலும் இங்குக் கருதத்தக்கது. 1951இல் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளுக்குக் கற்பித்தல் குறித்துப் பொதுவாசகருக்கென எழுதிய கட்டுரையும், 1984இல் கேரன் பிரையர் வெளியிட்ட நூலும் தண்டனையிலிருந்து வெகுமதியை நோக்கிப் பயிற்சிமுறை நகர உதவின. வளையத்துப் பயிற்சியில் வெகுமதி பெரும்பாலும் உணவு. விலங்கு மிக விரும்பும் செயலையே வெகுமதியாக்கலாம் என்பது டேவிட் பிரிமாக் 1959இல் முன்வைத்த கொள்கை. கரிசல் வேட்டையில் ஓட்டமே வெகுமதி. அடங்கி நின்ற நாய்க்குக் கிடைக்கும் பரிசு விடுதலை. இதனைக் கணக்கில் கொள்ளாமல் உணவை மட்டும் காட்டிப் பழக்கும்போது நாய் ஆர்வம் காட்டாவிடில், குறை நாயினுடையது என்பதைவிட முறையினுடையது என்பதே பொருத்தம்.

5. மதிப்பெண்ணிலிருந்து அறிவுத் தரவரிசைக்கு

1994இல் உளவியலறிஞர் ஸ்டான்லி கோரன் நாய்களின் அறிவுத்திறன் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க, கனடியக் கென்னல் கிளப்புகளைச் சார்ந்த கீழ்ப்படிதல் நடுவர்களிடம் கருத்துக் கேட்டு, 199 பேரின் விடைகளைக் கொண்டு 79 படிகளில் இனங்களை அவர் வரிசைப்படுத்தினார். முதலிடம் பார்டர் கோலி என்னும் மேய்ப்புநாய்க்குக் கிடைத்தது. இறுதியிடம் ஆப்கானியப் பார்வை வேட்டைநாய்க்கு. கோரன் அறிவை இயல்பூக்க அறிவு, தகவமைப்பு அறிவு, பணி மற்றும் கீழ்ப்படிதல் அறிவு என மூன்றாகப் பிரித்தார். அவ்வரிசை மூன்றாவதை மட்டுமே குறித்தது. ஆனால் பொதுவழக்கில் அது அறிவாளி நாய்களின் பட்டியலாகவும் அறிவிலி நாய்களின் பட்டியலாகவும் சுருங்கியது.

இங்கு ஓர் அளவுகோலின் பயணத்தைக் காணலாம். பூடில் நாயின் பயனை மெய்ப்பிக்கத் தோன்றிய தேர்வு, அறுபது ஆண்டுகளில் அனைத்து நாய்களின் அறிவையும் அளப்பதாகக் கருதப்படலாயிற்று. அவ்வரிசையில் தமிழகத்து நாய் எதுவும் இல்லை. ஆயினும் ஆப்கானிய நாயோடு தொழிலாலும் உடலாலும் உறவுடைய கன்னியையும் சிப்பிப்பாறையையும் பற்றிய கருத்தை இத்தகைய வரிசை மறைமுகமாக உருவாக்குகிறது. பயிற்சி ஏறாது என்னும் முத்திரை விழுந்தால் வளர்ப்பவர் பழக்க முற்படமாட்டார். பழக்கப்படாத நாய் சங்கிலியிலும் கூண்டிலும் அடைபடும். அடைபட்ட நாயின் முரண்டு முத்திரையை உறுதிப்படுத்தும்.

6. சட்டமும் களமிழப்பும்

கரிசல் நாயின் பணிக்களம் சட்டத்தால் மூடப்பட்டதும் இதே காலத்தில்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தி, சிலவகை விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட மட்டும் இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமங்களையும் நீக்கியது. நாயைவிட்டு விரட்டுவதும் சட்டத்தின் இன்றைய வரையறையில் வேட்டையே. முயலும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்ட விலங்கு. இத்தடை இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. கரிசலை ஒட்டிய வல்லநாட்டில் 1987இல் சரணாலயம் அமைக்கப்பட்டது வெளிமானைக் காப்பதற்காகவே. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி அதுவே.

ஆயினும் சட்டம் ஒரு விலங்கைக் காத்தபோது மற்றொரு விலங்கின் பணி முடிவுக்கு வந்தது என்பதை வரலாறு பதிவுசெய்ய வேண்டும். வேட்டையைத் தொடர்ந்தவர்கள் மறைவில் தொடர்ந்தனர். மறைவில் நிகழ்வது ஆவணமாவதில்லை. கைவிட்டவர்களின் அறிவு அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை.

இதே 1972இல் அமெரிக்காவில் பார்வை வேட்டைநாய்களுக்கான களச்சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. உயிருள்ள முயலுக்கு மாற்றாக, கப்பிகளின் வழியே கயிற்றால் இழுக்கப்படும் செயற்கை இரையை விரட்டும் போட்டிக்கு அது விதிகளை வகுத்தது. தொடர்ந்து விரட்டுதல், வேகம், திருப்பத்தில் சுறுசுறுப்பு, தாங்கும் வலிமை, ஊக்கம் ஆகியன அங்கு மதிப்பிடப்படுகின்றன. 1991இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் இவ்வோட்டத்துக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டு முதல் சங்கங்கள் அமைத்து நடத்தப்பட்டுவந்த முயல் விரட்டுப் போட்டி, 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்தால் முடிவுக்கு வந்தபோது, செயற்கை இரை ஓட்டம் அங்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது. இந்தியாவில் வேட்டை உரிமங்கள் நீக்கப்பட்ட அதே ஆண்டில் வேறோர் இடத்தில் அப்பணி இரையின்றித் தொடரும் வழி பட்டமாகவே வடிவம் பெற்றது. கரிசலுக்கு அத்தகைய மாற்றுக்களம் அப்போது அமையவில்லை.

7. உடலுக்குக் கிடைத்த ஏற்பு

கடந்த நாற்பதாண்டுகளில் தமிழக நாய்களுக்குக் கிடைத்த ஏற்பு பலவகைப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையம் இடம்பெற்றது. 2017இல் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்கள் குறித்த ஆங்கில நூலை வெளியிட்டார். 2020இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளச் செயலகம் முதன்முறையாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகிய மூன்றும் ஏற்கப்பட்டன. அம்முதற்பட்டியலில் கன்னி இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டார்.

இவ்வேற்புகள் மதிக்கத்தக்கவை. எனினும் இனப்பெருக்கம், மரபுப் பதிவு, கண்காட்சி ஆகிய மூன்றும் நாயின் உடலையும் பிறப்பையும் சார்ந்தவை. உயரம், நிறம், காது, வால் ஆகியன அட்டவணையாகின்றன. செயலுக்கு அட்டவணை இல்லை. உடலமைப்பை மட்டும் நோக்கித் தெரிவுசெய்யும்போது சில தலைமுறைகளுக்குப் பின்னர் வடிவம் எஞ்சி இயல்பு தேய்வதற்கு வாய்ப்புண்டு.

இதே ஊரில் வேறொரு முன்மாதிரி உண்டு. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. கரிசல் மானாவாரிக்கு ஏற்ற பருத்தி, சோள ரகங்களை அது உருவாக்கியது. ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய ரகங்கள் உழவரிடையே பரவின. பயிரின் தோற்றம் கண்டு மட்டும் அங்கு ரகம் வெளியிடப்படுவதில்லை. மழை குறைந்த ஆண்டிலும் அது தரும் விளைச்சலும் சோதிக்கப்படுகிறது. கரிசலின் பருத்திக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட செயற்பதிவு உண்டு. கரிசலின் நாய்க்கு இல்லை.

8. காவல்பணி: ஒரு மாற்றுச் சான்று

பார்வை வேட்டைநாய்க்கு முறையான பயிற்சி ஏறாது என்னும் கருத்துக்கு எதிரான சான்று முதோளிலிருந்து கிடைக்கிறது. 2016இல் முதோள் குட்டிகள் மீரட்டிலுள்ள இந்திய இராணுவத்தின் கால்நடை மருத்துவப் படை மையத்துக்குப் பயிற்சிக்காகக் கொண்டுசெல்லப்பட்டன. எல்லைப் பாதுகாப்புப் படை குவாலியரை அடுத்த தேகன்பூரில் உள்ள தன் பயிற்சி மையத்தில் முதோள், ராம்பூர் நாய்களைப் பழக்குகிறது. 2024இல் லக்னோவில் நடைபெற்ற அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியில் அப்படையின் ரியா என்னும் முதோள் நாய் தடம் தேடும் பிரிவில் முதலிடம் பெற்றது.

ரியாவின் வெற்றி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, பார்வை வேட்டைநாய் என வகைப்படுத்தப்பட்ட நாய்க்கும் மூக்கைப் பயன்படுத்தும் நுட்பப் பயிற்சி இயலும். மற்றொன்று, அந்நாய் வென்றது ஒட்டி நடக்கும் வளையத்தில் அன்று. கையாள்பவருக்கு விடை தெரியாத, நாய் முன்செல்ல மனிதர் பின்தொடரும் தடம் தேடும் பணியில். நாயின் முடிவுக்கு இடமளிக்கும் பயிற்சியில் அதன் ஆற்றல் வெளிப்பட்டது எனலாம். ஒரு நாயின் வெற்றி ஓரினத்தின் இயல்பை நிறுவிவிடாது. ஆயினும் பொதுமறுப்பை அசைக்க ஒரு சான்று போதும்.

9. மேற்கொள்ளத்தக்க ஆய்வுகள்

முதலாவது, பழக்குமுறைச் சொற்களைத் தொகுத்தல். கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசல் வாழ்வின் சொற்களைத் திரட்டும் நெறியைக் காட்டியது. குட்டியைத் தெரிதல், முதன்முறை வெளியில் விடுதல், இணை சேர்த்தல், ஏவுதல், அழைத்தல், காயத்துக்கு மருந்திடுதல் ஆகியவற்றுக்கான சொற்களை அந்நெறியில் திரட்ட இயலும்.

இரண்டாவது, பழக்கியவர்களின் வரலாறு. கண்காட்சிப் பட்டியல்கள் நாயின் உரிமையாளரையும் தாய் தந்தையரையும் பதிவு செய்கின்றன. நாயை நாள்தோறும் கையாண்டவர் உரிமையாளரேயா, அவரிடம் வேலை செய்தவரா, ஆடு மேய்ப்பவரா? உழைப்பு, சாதி, நிலவுடைமை ஆகியவற்றோடு தொடர்புடைய இவ்வினாவுக்குக் களஆய்வே விடை தர இயலும். வேட்டை இன்று குற்றமாதலால், தகவலாளரின் அடையாளத்தைக் காத்து, பழைய நினைவுகளை மட்டும் பதிவு செய்யும் ஆய்வறம் இதற்கு இன்றியமையாதது.

மூன்றாவது, தேர்வு வடிவமைப்பு. கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனங்களும் வளர்ப்போரும் இணைந்து, உயிரிரை இல்லாத ஓட்டம், எழும் பொருளைக் கண்டும் அடங்கி நிற்றல், ஓட்டத்தின் நடுவே அழைத்தால் மீளுதல், தடம் தேடுதல் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பணித்தேர்வை உருவாக்கலாம். ஓடும் இரையைக் கண்டும் அழைப்புக்குத் திரும்பும் நாய், மூன்று நிமிடம் படுத்திருக்கும் நாயைவிடக் குறைந்த கீழ்ப்படிதல் உடையது எனக் கூற இயலாது. இத்தகைய தேர்வு காட்டுயிருக்கும் நன்மை தரும். நாயின் ஓட்டத்துக்குச் சட்டம் ஏற்கும் களம் கிடைத்தால் மறைவு வேட்டைக்கான தூண்டுதல் குறையும்.

முடிவுரை

கீழ்ப்படிதல் பட்டம் என்பது நாயினத்துக்கே பொதுவான அறிவின் அளவு அன்று; 1930களின் அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக உருவாக்கப்பட்ட வரலாற்றுப் படைப்பு. தொடக்கநிலைத் தேர்வின் 200 மதிப்பெண்களும் அருகில் இருத்தல், அசையாதிருத்தல், திரும்பி வருதல் ஆகியவற்றுக்கே பகிரப்பட்டுள்ளன. அகன்று சென்று தன் முடிவில் செயல்முடிக்கும் கரிசல் வேட்டைநாயின் தனித்திறன் அதில் அளவைக்கு உட்படவில்லை. 1972, 1991ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னர் அத்திறனுக்கு உரிய களமும் இல்லாமற் போயிற்று. பின்னர் வந்த ஏற்புகள் உடலை மீட்டன, பணியை மீட்கவில்லை.

தம் நாய்கள் அழகுக்கு மட்டுமே உரியவை என்னும் கூற்றை மறுக்க வாக்கர் ஒரு தேர்வை வகுத்தார். தம் நாய்களுக்குப் பயிற்சி ஏறாது என்னும் கூற்றை மறுக்கக் கரிசல் மக்களுக்கும் அவ்வுரிமை உண்டு. அதற்கு முதற்படி, பழக்கியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களின் அறிவைக் கேட்டு எழுதுவது. எடுத்தனூரில் நாயின் பெயரையும் செயலையும் கல்லில் வெட்டியவர்கள் பதிவின் நெறியை முன்னரே காட்டியுள்ளனர்.